கண்ட்ரோல் எஸ் அமுக்குற கை

தாத்தா போன மாசம் தவறிட்டாரு. ஹால்ல மாட்ட ஒரு நல்ல போட்டோ வேணும்னு அம்மா கேட்டாங்க. அக்கா பொண்ணு காதுகுத்துல பட்டு வேஷ்டி கட்டி சிரிச்சுட்டு நிப்பாரே, அதான் வேணுமாம். ஃபைல் இருந்துச்சு, ஆனா பிரிண்ட் போடுற அண்ணன் திறந்து பாத்துட்டு "தம்பி இது ஆயிரத்து எண்பது பிக்சல்தான் இருக்கு"ன்னாரு. 300 டிபிஐல, அதாவது இன்ச்சுக்கு 300 புள்ளி கணக்குல போட்டா 3.6 இன்ச்தான் வரும், 12க்கு 18 இன்ச் ஃப்ரேமுக்கு 3600க்கு 5400 பிக்சல் வேணும்.

தப்பு என்னோடதுதான். அன்னைக்கு ஸ்டேட்டஸ் வைக்கிற அவசரத்துல போட்டோஷாப்ல திறந்து, தாத்தாவ மட்டும் க்ராப் பண்ணி, சைஸ குறைச்சு, பழக்க தோஷத்துல கண்ட்ரோல் எஸ் அமுக்கிட்டேன். லேயர் (ஒண்ணு மேல ஒண்ணா வைக்கிற படத் தாள் மாதிரி) எதுவும் இல்லாத ஜேபெக்ல, அதாவது சாதா போட்டோ ஃபைல்ல, அப்படி அமுக்குனா வேற எங்கயும் போகாது, அதே ஃபைல் மேலயே எழுதிரும். போன்லயாவது இருக்கும்னு பாத்தா, அங்க இருந்து லேப்டாப்புக்கு காப்பி பண்ணாம கட் பண்ணி மாத்திருக்கேன், எவ்ளோ புத்திசாலி பாருங்க.

ஜிம்ப்னு போட்டோஷாப் மாதிரியே ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல இது இவ்ளோ ஈஸியா நடக்காது. 2012ல வந்த 2.8 வெர்ஷன்ல இருந்து சேவ்னா அதோட சொந்த ஃபைல் வகையான எக்ஸ்சிஎஃப் மட்டும்தான், ஜேபெக் வேணும்னா எக்ஸ்போர்ட் போகணும். அப்போ நானே இதுக்கு திட்டிருக்கேன், ஒரு போட்டோவ சேவ் பண்ண ரெண்டு வழி எதுக்குன்னு. இப்ப அதோட அருமை தெரியுது. ஆனா அதுலயும் ஃபைல் மெனுவுல ஓவர்ரைட்னு ஒண்ணு இருக்கு, அது பக்கம் மட்டும் போயிடாதீங்க.

இப்ப நான் பண்றது இதான். விசேஷத்துக்கு ஒரு ஃபோல்டர், பேர்ல வருஷம் மாசம் தேதி முன்னாடி, அப்பதான் வரிசையா நிக்கும். உள்ள ஒரிஜினல், ஒர்க், அனுப்புனது அப்படின்னு மூணு. போட்டோ எல்லாம் ஒரிஜினல்ல இறங்குனதுமே மொத்தமா செலக்ட் பண்ணி ப்ராப்பர்டீஸ்ல ரீட் ஒன்லி டிக் போட்டுடுவேன், அப்புறம் கை பழக்கத்துல அமுக்குனாலும் சாஃப்ட்வேர் முரண்டு பிடிக்கும். லேயரோட இருக்கிற பிஎஸ்டி, அதாவது போட்டோஷாப்போட சொந்த ஃபைல், ஒர்க்ல. வாட்ஸ்அப்புக்கு குறைச்சது, பிரிண்டுக்கு பெருசா எடுத்தது ரெண்டும் அனுப்புனதுல, பேர் கடைசில சைஸயும் சேத்து.

போட்டோஷாப்ல ப்ரிஃபரன்சஸ்ல ஃபைல் ஹேண்ட்லிங்னு ஒரு பக்கம் இருக்கு. அதுல சேவ் ஆஸ் பண்ணா ஒரிஜினல் ஃபோல்டருக்கே போகணுமாங்கிற டிக்க எடுத்துட்டேன், இப்ப கடைசியா சேவ் பண்ண இடத்துக்கு போகுது. இதுலயும் ஒரு வம்பு, நேத்து வேற வேலை பாத்திருந்தா இன்னைக்கு சேவ் பண்றதும் அந்த ஃபோல்டர்லயே போய் உக்காந்துக்கும், டயலாக்ல மேல எந்த ஃபோல்டர்னு ஒரு தடவ பாத்துட்டுதான் ஓகே கொடுக்கணும். 2021 மே அப்டேட்டுக்கு அப்புறம் லேயரோட இருந்தா சேவ் ஆஸ்ல ஜேபெக்கே காட்டாது, சேவ் எ காப்பில தேடுங்க. நான் பாதி நாள் முழிச்சேன்.

தாத்தா போட்டோவ அந்த அண்ணன் என்னமோ பண்ணி 8க்கு 12 இன்ச்சுக்கு இழுத்து கொடுத்தாரு. தூரத்துல இருந்து பாத்தா நல்லாத்தான் இருக்கு, கிட்ட போனா மீசை மெழுகுல செஞ்ச மாதிரி இருக்கு. அம்மா ஒண்ணும் சொல்லல. டி டிரைவ்ல 'நியூ ஃபோல்டர் 3'ன்னு ஒண்ணு கிடக்கு, அதுல ஏதாவது இருக்கான்னு ஞாயித்துக்கிழமை உக்காந்து பாக்கணும்.