12 செக்கன் குரல் குடுக்கப் போய்

ட்ரெய்லருக்குக் குரல் குடுக்கிறது எண்டா கட்டைக் குரல் இருந்தாக் காணும் எண்டுதான் நானும் கனகாலமா நினைச்சுக்கொண்டிருந்தனான். கோல் சென்டரில வேலை செய்யேக்க லைன்ல வாற அன்ரிமார் "தம்பி, உங்கட குரல் ரேடியோவில வாற மாதிரி இருக்கு" எண்டு சொல்லுவினம், அதைக் கேட்டுக் கேட்டுத் தலைக்கனம் ஏறி 2021 கடைசியில வேலையையும் விட்டிட்டன். இப்ப ரெண்டு மூண்டு பெடியள் இதுக்குள்ள எப்பிடி வாறது எண்டு கேட்டதால எழுதுறன், நான் வந்த வழி நல்ல வழி எண்டு சொல்ல வரேல்ல.

முதல் மூண்டு மாசமும் யூடியூப்ல டொன் லாஃபொன்டேன்ட ட்ரெய்லரைப் போட்டுப் போட்டு அவரைப் போலக் கதைச்சுப் பாத்ததுதான் வேலை. "இன் எ வேர்ல்ட்" எண்டு தொடங்கிற அந்த அமெரிக்கக் குரல், 2008ல செத்துப்போனார். 5000க்கு மேல ட்ரெய்லர் செய்தவர், ஸ்டூடியோவுக்கு ஸ்டூடியோ ஓட டிரைவரோட லிமோசின் வச்சிருந்த மனுசன். 1964ல ஒரு படத்துக்கு வரவேண்டிய ஆள் வராததாலதான் அவர் மைக்குக்கு முன்னால போய் நிண்டவர். இந்தக் கதையெல்லாம் எனக்குப் பாடம், ஆனா அதுக்கு முதலே அவர் ரெக்கோர்டிங் எஞ்சினியரா இருந்தவர், விளம்பரத்துக்கு எழுதினவர், எங்க குரல் வரவேணும் எங்க வாயை மூடவேணும் எண்டு மேசையில இருந்தே பழகினவர் எண்டதை நான் பெருசா எடுக்கேல்ல. குரலை மட்டும் பிடிச்சுக்கொண்டு தொங்கினன்.

அம்மா ஒருநாள் கதவைத் திறந்து "என்னடா, தொண்டைக்குள்ள பனங்கொட்டை சிக்கின மாதிரிக் கதைக்கிறாய்" எண்டு கேட்டா. பிறகு தங்கட காலத்தில இலங்கை வானொலியில அறிவிப்பாளர் கே.எஸ்.ராஜா பட விளம்பரத்துக்கு எப்பிடிக் கதைப்பார் எண்டு சொல்லத் தொடங்கினா, என்ன வேகம், மூச்சு விடுறதே தெரியாது, ஆனா ஒரு எழுத்து விழாது எண்டு. தேடிக் கேட்டுப் பாத்தன். ஓம், அதில கட்டைக் குரல் எண்டு ஒண்டுமே இல்ல, ஆனா அவர் சொன்னா அந்தப் படத்தைப் பாக்கத்தான் வேணும் போல இருக்கும்.

சரி, டெமோ, அதாவது வேலை கேட்டு அனுப்பிற சாம்பிள் குரல். வீடு கொழும்பு வெள்ளவத்தையில, கடல் பக்கம், பத்து நிமிசத்துக்கு ஒரு கோச்சி போனா ஜன்னல் கண்ணாடி எல்லாம் கதைக்கும். அதைவிட மோசம் சூன் பாண் ஓட்டோ, பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விக்கிற ஓட்டோ. காலமையும் பின்னேரமும் பீத்தோவன்ட அந்த "ஃபியூர் எலிஸ்" மெட்டைப் போட்டுக்கொண்டு லேனுக்குள்ள வரும், நல்ல டேக் ஒண்டு முடியுற இடத்தில கரெக்டா அது தொடங்கும். கடைசியில அம்மாட அலுமாரிக்குள்ளதான் ரெக்கோர்ட் பண்ணினன். பட்டுச் சாறியள் சரிவராது, பழைய நூல் சாறியும் தடிச்ச போர்வையும்தான் சத்தத்தைக் குடிக்கும். உள்ளுக்க இருந்து ஒருக்காக் கை தட்டிப் பாருங்கோ, கை தட்டின சத்தம் அப்பிடியே செத்துப்போகவேணும், வால் மாதிரி ஏதும் இழுத்தா இன்னும் போர்வை வேணும். படத்துக்குக் குடுக்கிறதெண்டா 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், வேவ் ஃபைல், எம்பி3 அனுப்பினா ஆக்கள் திறந்தே பாக்கமாட்டினம்.

2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் போனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஊரே திட்டிக்கொண்டிருந்த நேரம், நானும் திட்டினன்தான், ஆனா உண்மையைச் சொன்னா எனக்கு அவ்வளவு அமைதி பிறகு ஒருக்காலும் கிடைக்கேல்ல. ஃபேன் இல்ல, ஃபிரிட்ஜ் இல்ல, பக்கத்து வீட்டு டீவி இல்ல. லப்டொப் பெட்டரி ரெண்டு மணித்தியாலம் நிக்கும், அதுக்குள்ள அலுமாரிக்குள்ள வேர்த்து வழிய வழிய டெமோவை முடிச்சன்.

ஆறு இடத்துக்கு அனுப்பினன், ஒரு இடத்தில இருந்து வொய்ஸ் நோட் வந்தது. "தம்பி, தமிழ்த்தினப் போட்டியில பேசுற மாதிரி இருக்கு." ரெண்டு நாள் சாப்பாடு இறங்கேல்ல. நான் "இன் எ வேர்ல்ட்"டை அப்பிடியே தமிழாக்கி "ஓர் உலகில்..." எண்டு தொடங்கியிருந்தன், இப்ப அதைக் கேட்டா எனக்கே உடம்பு கூசுது. அந்த ஆளே நாலு மாசம் கழிச்சுக் கூப்பிட்டார், மருதானைப் பக்கம் ஒரு மாடியில ஸ்டூடியோ, இந்தியாவில இருந்து வந்த ஒரு படத்துக்கு ரேடியோ ட்ரெய்லர், மொத்தம் 30 செக்கன், எனக்கு 12 செக்கன், மிச்சம் வசனமும் பாட்டும்.

எஞ்சினியர் ஐயா சிங்களம். ஒரு தமிழ்ச் சொல்லும் தெரியாது. நான் ஒவ்வொருக்கா முடிக்கவும் கண்ணாடிக்கு அங்கால இருந்து "மல்லி, தவ எகக்" எண்டு விரலைக் காட்டுவார், இன்னும் ஒண்டு எண்டு. பதினெட்டோ பத்தொன்பதோ டேக் போச்சு. விளங்காத பாஷையில இவருக்கு என்ன பிழை தெரியுது எண்டு எனக்கு உள்ளுக்குள்ள கோபம். கேட்டன். அவர் ஸ்கிரீன்ல அலையைக் காட்டினார், என்ர ஒவ்வொரு வரியும் மலை மாதிரித் தொடங்கிக் கடைசியில எலிவால் மாதிரி மெலிஞ்சு முடியுது. அப்பதான் மண்டையில ஏறினது. தமிழ்ல வினை கடைசியிலதான வரும், "ஒரே ஒரு இரவு அவன் வாழ்க்கையை மாத்தியது" எண்டா அந்த "மாத்தியது"தான் விஷயம், நான் "ஒரே ஒரு இரவு"க்கு முழு மூச்சையும் செலவழிச்சுப்போட்டு மாத்தியதை விழுங்கிறன். இங்கிலீஸ் ட்ரெய்லரைப் பாத்துப் பழகின வினை. மூச்சை மிச்சம் பிடிச்சு, கடைசிச் சொல்லுக்கு முன்னால அரைச் செக்கன் நிண்டு, குரலை இறக்காமச் சொன்னன். ஐயா விரல் காட்டேல்ல, தலையை மட்டும் ஆட்டினார்.

அதோட முடியேல்ல. "மாபெரும் வெற்றி" எண்டு ஒரு இடம். நாங்கள் ற்ற-வை உச்சரிக்கிறது இந்தியாவில உச்சரிக்கிற மாதிரி இல்லையே, அவையள் நடுவில ஒரு "ர"வைக் கொண்டு வருவினம். விநியோகக்காரர் சென்னையில இருந்து கேட்டிட்டு "என்னங்க, மாபெரும் வெட்டினு சொல்றாரு" எண்டு கேட்டவராம். நான் இலக்கணப்படி எங்கட உச்சரிப்புத்தான் சரி எண்டு வாதாடினன், எல்லாரும் பொறுமையாக் கேட்டிச்சினம், கேட்டிட்டு "சரி, இப்ப வெற்றியை அவங்கட மாதிரிச் சொல்லுங்கோ" எண்டிச்சினம். சொன்னன்.

பிறகு "நாளை முதல்", "இன்று முதல்", "இரண்டாவது வாரமாக" எண்டு மூண்டு விதமா வால், அதான் ட்ரெய்லர்ட கடைசி வரி, சொல்ல வச்சினம். ஒரு காசுக்கு மூண்டு வேலை. தொடங்க முதலே வால் ஒண்டுக்கு எவ்வளவு எண்டு வட்ஸ்அப்ல எழுதி வாங்குங்கோ, வாயால கதைச்சது செல்லாது. அந்தக் காசு செக்காக் கையில கிடைக்க மூண்டரை மாசம், அதுக்குள்ள படமே தியேட்டரை விட்டுப் போயிட்டுது.

இன்னொண்டு, இப்ப வாற தமிழ் ட்ரெய்லர்கள்ல குரல் குடுக்கிற ஆளே பெரும்பாலும் இல்ல, வசனமும் எழுத்தும் பின்னணி இசையும்தான். ஹொலிவூட் படத்துத் தமிழ் டப்பிங்கும் இந்தியாவிலயே முடிஞ்சிடும். கொழும்பில இருந்துகொண்டு ட்ரெய்லர் மட்டும் செய்து வாழலாம் எண்டு ஆரும் சொன்னா நம்பாதைங்கோ. எனக்குப் பத்து வேலை வந்தா ஒண்டுதான் படம், மற்றதெல்லாம் டீவி ப்ரோமோ, தீபாவளிக்குச் சாறிக்கடை, "இலக்கம் ஒன்றை அழுத்தவும்".

போன மாசம் ஒரு அக்ரிமென்ட் வந்தது, காசு நல்ல காசு. நாலாம் பக்கத்தில சின்ன எழுத்தில என்ர குரலை வச்சுக் கம்பியூட்டரால புதுக் குரல் செய்யவும் அனுமதி, அதுவும் காலவரையறை இல்லாம. 2023ல ஹொலிவூட் நடிகர் சங்கம் 118 நாள் ஸ்ட்ரைக் செய்த காரணங்கள்ல இதுவும் ஒண்டு, இங்க எனக்கு ஆர் ஸ்ட்ரைக் செய்யிறது. அந்த வரியை வெட்டினாக் கையெழுத்து வைக்கிறன் எண்டு அனுப்பினன். நீல டிக் விழுந்து பதினொரு நாள்.

அதுவரைக்கும் ஒரு கிளினிக்குக்கு டோக்கன் நம்பர் சொல்லிக் குடுக்க ஓம் எண்டிட்டன், ஒண்டில இருந்து முந்நூறு வரைக்கும். சூன் பாண் போனாப் பிறகு அலுமாரிக்குள்ள ஏறவேணும்.