பென்னிகுயிக் என்றொரு பையன்

கம்பம் பேருந்து நிலையத்தில் ஒரு தாய் "பென்னி, இங்க வாடா" என்று அதட்டியதும் ஓடிவந்த சிறுவனின் பள்ளி அடையாள அட்டையில், 'பென்னிகுயிக்' என்ற முழுப்பெயர் இடம் போதாமல் இரண்டு வரியாக மடங்கியிருந்தது.

எடின்பரோவுக்குத் தெற்கேயுள்ள ஸ்காட்லாந்து ஊர் ஒன்றின் பெயர் அது. குடும்பப்பெயராக மாறி, 1895இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த பொறியாளர் ஜான் பென்னிகுயிக்குடன் இங்கு வந்து சேர்ந்தது.

மேற்கே அரபிக்கடலுக்குப் போன நீரைக் கிழக்கே திருப்பி வைகையில் சேர்த்தவர் என்ற நன்றியில், தேனிப் பக்கத்து விவசாயக் குடும்பங்கள் சில அதையே பிள்ளைக்குச் சூட்டுகின்றன. அரிய பெயர்தான், ஆனால் இப்பள்ளத்தாக்கில் அதை யாரும் வேற்றுப்பெயராக நினைப்பதில்லை.

பாலார்பட்டியில், அவர் பிறந்த ஜனவரி 15 அன்று, அவருக்கே பொங்கலிட்டுப் படைக்கிறார்கள்.