பாப்பாவின் காலும் என் முழங்காலும்

மகள் பிறந்த நாள்முதல் எங்கள் வீட்டில் கால்களைப் பற்றிய பேச்சு ஓய்ந்தபாடில்லை. பிள்ளையின் கால் கோணலாக இருக்கிறதே என்று அம்மாவுக்குக் கவலை. படியிறங்கும்போது வலது முழங்கால் நோகிறதே என்று எனக்குக் கவலை. 31 வருடம் தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தலைக்கயிற்றில் சுமந்து மலையேறி இறங்கிய அம்மாவுடைய காலைப் பற்றி மட்டும் ஒருவரும் கவலைப்படவில்லை, அவர் உட்பட. இந்த ஏழு மாதங்களில் இந்த மூன்று சோடிக் கால்களைப் பற்றியும் நான் தெரிந்துகொண்டதை எழுதி வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

அவள் பிறந்தது ஜனவரியில். இலங்கையில் ஹட்டனுக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அந்த மாதத்து விடியற்காலையில் கூரைத் தகரத்தின் உட்புறம் நீர் கோத்து நின்று சொட்டும். நுவரெலியாப் பக்கம் உறைபனி விழுந்து கொழுந்து கருகிப்போனதாகச் செய்தி வருகிற மாதமும் அதுதான். அந்தக் குளிரில் பச்சைப் பிள்ளையை இறுக்கிச் சுற்றுவதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அம்மா சுற்றுகிற விதத்தைப் பக்கத்திலிருந்து பல நாள் பார்த்திருக்கிறேன். பழைய பருத்திச் சேலைத் துண்டைக் கட்டிலில் விரித்து, பிள்ளையை அதன் நடுவில் கிடத்தி, மடங்கியிருக்கும் இரண்டு முழங்கால்களின் மேலும் உள்ளங்கையை வைத்து மெல்ல அமுக்கி நேராக்கி, கணுக்கால்கள் இரண்டும் ஒட்டும்படி சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் துணியை இழுத்துச் சுற்றி, வெற்றிலைச் சுருளைப் போல முடித்துவிடுவார். "இறுக்கிச் சுத்துனாத்தான் புள்ள திடுக்கிடாம தூங்கும், காலும் கோணாது" என்பது அவருடைய கட்சி. அதில் முற்பாதி உண்மை. பிறந்த குழந்தைக்குத் தூக்கத்தில் கைகளை விரித்துத் திடுக்கிடும் இயல்பு உண்டு, மேலுடம்பைச் சுற்றினால் அது அடங்கும். பிற்பாதியில்தான் கோளாறு.

குளிப்பாட்டுவதும் காலின் மேல்தான். தாழ்ந்த பலகையில் உட்கார்ந்து, சேலையை முழங்காலுக்கு மேலே செருகி, கால்களை நீட்டிச் சேர்த்து, இரண்டு முழங்காற்கீழ்களுக்கும் இடையில் உண்டாகிற பள்ளத்தில் பிள்ளையைக் கிடத்துவார். கடையில் விற்கிற எந்தப் பிளாஸ்டிக் தொட்டியும் இந்தப் பள்ளத்துக்கு ஈடாகாது என்று இன்றும் சொல்வேன். பிள்ளை வழுக்காது, தலைக்குத் தாங்கல் இருக்கும், தண்ணீரின் சூடு அதிகமென்றால் அது அம்மாவின் தோலுக்குத் தெரிந்துவிடும். ஆனால் குளிப்பாட்டி முடிந்ததும் இரண்டு பாதங்களையும் ஒரே கையில் பிடித்துக் கீழ்நோக்கி ஓர் இழுப்பு இழுப்பார். சில வீடுகளில் பாதத்தைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதும் உண்டு. அம்மா நல்லவேளையாக அதுவரை போகவில்லை.

இந்த நாட்டில் பிள்ளை பிறந்த முதல் பத்து நாட்களுக்குள் குடும்ப சுகாதார உத்தியோகத்தர் (நாங்கள் மிஸ்ஸி என்று அழைப்பவர்) இரண்டு தடவை வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் என்பது ஒழுங்கு. எங்கள் மிஸ்ஸி முதல் தடவை மழைக்கோட்டும் பையுமாகப் படியேறி வந்தபோது பாப்பா சுருளுக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். தொப்புளைப் பார்க்கச் சுருளைப் பிரித்தவர், காலில்தான் கண்ணை நிறுத்தினார். பிறகு என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார். இது முதற்பிள்ளையா? வயிற்றில் தலை மேலேயும் குண்டி கீழேயுமாக இருந்த பிள்ளையா? குடும்பத்தில் யாருக்காவது சிறு வயதிலிருந்தே நொண்டல் உண்டா? முதல் இரண்டுக்கும் ஆம் என்றேன். தலை திரும்பாததால்தான் எனக்கு சிசேரியன் செய்தார்கள். பிள்ளை பெண்ணாகவும் இருப்பதால் ஆறு வாரமளவில் இடுப்பை ஸ்கேன் செய்து பார்ப்பது நல்லது, அதுவரை காலைச் சேர்த்துக் கட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளை பெற்ற பத்திய அறையில் இப்படி ஒன்றைச் சொன்னால் தாய்க்கு எப்படி இருக்கும் என்பதைப் பெற்றவர்கள் அறிவார்கள். அன்றிரவு முழுவதும் கையடக்கத் தொலைபேசியும் கையுமாக இருந்தேன்.

விஷயம் இதுதான். வயிற்றுக்குள் பிள்ளை முழங்காலை மடக்கித் தொடையை மேலே தூக்கியே இருக்கிறது. பிறக்கும்போது இடுப்பு மூட்டின் கிண்ணம் பெரும்பாலும் குருத்தெலும்பாகவும் ஆழம் குறைந்ததாகவும் இருக்கும். தொடையெலும்பின் உருண்டைத் தலை அந்தக் கிண்ணத்தின் நடுவில் சரியாக உட்கார்ந்து அழுத்திக்கொண்டிருந்தால்தான், குழைத்த மாவில் பெருவிரலை அழுத்திக் குழி செய்வது போல, கிண்ணம் ஆழமாகி எலும்பாக இறுகும். தொடைகள் மடங்கி இருபுறமும் விரிந்திருக்கிற நிலையில் உருண்டை நடுவில் நிற்கிறது. கால்களை நேராக்கிச் சேர்த்துக் கட்டினால், இன்னும் நீளாத தசைகளின் இழுவை உருண்டையைக் கிண்ணத்தின் விளிம்புக்குத் தள்ளுகிறது. எல்லாப் பிள்ளைக்கும் இதனால் மூட்டு விலகிவிடாது. அம்மா சுற்றி வளர்த்த நாங்கள் நான்கு பேரும் நன்றாகத்தான் நடக்கிறோம். ஆனால் மூட்டு ஏற்கெனவே தளர்ந்திருக்கிற பிள்ளைக்கு அந்தச் சுற்று மூட்டை விலக்கிவிடக்கூடும். பெண் பிள்ளை, தலைப்பிள்ளை, குண்டி கீழாக இருந்த பிள்ளை, இதே இடுப்புக் கோளாறோடு பிறந்த தாய் தகப்பனின் பிள்ளை ஆகியோரிடம் இந்த இடுப்பு விலகல் கூடுதலாகக் காணப்படுகிறது. வலது பக்கத்தைவிட இடது இடுப்பில் அதிகம்.

குளிர் ஊர்களுக்கெல்லாம் இந்தப் பிரச்சினை உண்டு. ஜப்பானில் பிள்ளையின் காலை நீட்டிச் சுற்றுவது வழக்கமாக இருந்தது. 1975 அளவில் அங்கே பாட்டிமாரையும் தாய்மாரையும் நோக்கி, காலை நீட்டிச் சுற்ற வேண்டாம் என்று நாடளாவிய பிரசாரம் செய்தார்கள். அதற்கு முன் நூறு குழந்தைகளில் ஒன்றுக்கு மேல் காணப்பட்ட இடுப்பு விலகல், பின்னர் ஆயிரத்தில் ஓரிரண்டு என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. மருந்தும் கத்தியும் இல்லாமல் ஒரு துணியைத் தளர்த்தியதில் வந்த மாற்றம். பிள்ளையை முதுகில் காலை அகட்டிக் கட்டித் தூக்குகிற ஆபிரிக்க ஊர்களில் இந்த நோய் மிக அரிதாக இருப்பதையும் இதனோடு சேர்த்துச் சொல்வார்கள்.

ஆறாவது வாரம் கண்டிக்குப் போனோம். எக்ஸ்ரே எடுக்காமல் ஸ்கேன் எடுப்பதற்குக் காரணம், அந்த வயதில் தொடையெலும்பின் தலை இன்னும் எலும்பாகாததால் எக்ஸ்ரேயில் தெரியாது என்பதே. வைத்தியர் முதலில் கையால் பார்த்தார். முழங்கால்களை மடக்கிப் பிடித்து, தொடைகளை மெல்லப் பின்னுக்கு அழுத்தியும் பின்னர் பக்கவாட்டில் விரித்தும், மூட்டு நழுவுகிறதா, நழுவியது 'டொக்' என்று உள்ளே விழுகிறதா என்று விரல் நுனியில் தேடுகிற சோதனை அது. இத்தாலிய வைத்தியர் ஓர்டோலானி 1930களில் விவரித்ததன் பெயராலேயே இன்றும் அதன் ஒரு பாதி அழைக்கப்படுகிறது. நழுவவில்லை. ஸ்கேனில் கிண்ணத்தின் கூரை எத்தனை பாகை சரிந்திருக்கிறது என்று அளந்தார்கள். 60 பாகையோ அதற்கு மேலோ இருந்தால் முதிர்ந்த மூட்டு. பாப்பாவுக்கு வலப்பக்கம் 62, இடப்பக்கம் 56. மூன்று மாதத்துக்குள் இப்படி இருப்பது பெரும்பாலும் தானாகவே முதிர்ந்துவிடும், மூட்டு நழுவியிருந்தாலோ முதிராமலே நின்றாலோதான் காலை மடக்கி விரித்து வைக்கிற பாவ்லிக் பட்டி போட வேண்டியிருக்கும் என்று விளக்கினார். இரண்டு நாப்கினைச் சேர்த்துக் கட்டினால் சரியாகுமா என்று அம்மா கேட்டார். அதனால் பயனில்லை, காலைச் சுதந்திரமாக விடுங்கள் என்பதே பதில்.

மீண்டும் குளிருக்கு வருகிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் யாருக்கும் அறிவுரையைவிடக் குளிர்தான் பெரிது. இறுக்காமல் எப்படிச் சூடாக வைப்பது? கையுள்ள சட்டை, அதன் மேல் கம்பளிச் சட்டை, காலுக்கு இரண்டு சோடி மேசு. தோளிலிருந்து இடுப்பு வரை துணியை அணைத்துச் சுற்றி, இடுப்புக்குக் கீழே தவளை போல முழங்காலை மடக்கி அகட்டி உதைக்க இடம் கிடைக்கும்படி பை மாதிரித் தளர விட்டேன். மல்லாக்காகவே படுக்க வைத்தேன். பிள்ளை புரள முயலத் தொடங்கியதும் சுற்றுவதையே விட்டுவிட வேண்டும். முகம் குப்புறக் கவிழ்ந்தால் கையில்லாமல் திரும்ப முடியாது. முதல் மூன்று இரவும் அம்மா என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் விடியற்காலையில் பாப்பாவின் பாதத்தைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "சூடாத்தான் இருக்கு" என்று அடுப்பங்கரைப் பக்கம் போய்விட்டார். பன்னிரண்டாம் வாரத்து ஸ்கேனில் இடப்பக்கமும் 60 பாகையைத் தாண்டியிருந்தது.

அம்மாவுடைய வழக்கங்களில் ஒன்றை மட்டும் மிஸ்ஸியும் வைத்தியரும் ஒருசேர மெச்சினார்கள். கழுத்து நின்ற பிறகு பிள்ளையை இடுப்பில் இருத்தித் தூக்குவது. இரண்டு தொடைகளும் தூக்குபவரின் இடுப்பைக் கவ்வி, முழங்கால் குண்டியைவிடச் சற்று உயர்ந்து நிற்கிற அந்த நிலைதான் மூட்டுக்கு மிக உகந்தது. வேலை நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்குக் கொண்டுபோய் விடுகிற அவசரத்தில் எங்கள் பெண்கள் எப்போதும் செய்கிற காரியம். முன்பக்கம் தொங்கவிட்டுக் காலை நேராகத் தொங்கவைக்கிற விலையுயர்ந்த பைகளைவிட இது மேல். பாப்பாவின் கெண்டைக்கால் வெளிப்புறம் வளைந்திருப்பதைப் பற்றியும் கேட்டோம். இரண்டு வயது வரை அப்படித்தான் இருக்கும், மூன்று நான்கு வயதில் எதிர்ப்புறமாக முழங்கால்கள் முட்டும், ஏழு வயதளவில் நேராகிவிடும். ஒரு கால் மட்டும் வளைந்தாலோ இரண்டு வயதுக்குப் பின்னும் வளைவு கூடினாலோ காட்டுங்கள் என்றார்கள்.

இனி என் முழங்கால். வீட்டுக்கும் வீதிக்கும் இடையில் 140 படிகள். ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இறங்கும்போதுதான் முழங்கால் சிப்பியின் கீழே குத்தும். இறங்குகையில் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடல் பாரத்தைத் தடுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது, அதனால் முழங்காலுக்குச் சுமை கூடுகிறது. இயன்மருத்துவர் என்னைக் கதிரையில் உட்கார்ந்து எழும்பச் சொல்லிவிட்டு எதிரே நின்று பார்த்தார். எழும்பும் ஒவ்வொரு தடவையும் என் வலது முழங்கால் உள்நோக்கிச் சாய்ந்தது. பிழை முழங்காலில் அல்ல, இடுப்பின் பக்கவாட்டுத் தசை சோர்ந்துவிட்டது என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, பாப்பாவை எப்போதும் இடது இடுப்பிலேயே வைத்திருந்தேன், அந்தப் பாரத்தை எதிர்த்து இழுத்துப் பிடிக்க வலது இடுப்புத் தசைதான் உழைக்க வேண்டியிருந்தது.

கொடுத்த பயிற்சிகள் எளிமையானவை. பக்கவாட்டில் படுத்து, முழங்கால்களை மடக்கி, குதிகால்கள் ஒட்டியிருக்க மேல் முழங்காலை மட்டும் சிப்பி திறப்பது போலத் திறப்பது. மல்லாந்து படுத்துப் பாதங்களை ஊன்றி இடுப்பை உயர்த்துவது. கதிரையில் எழும்பி உட்காரும்போது பாதங்களைத் தோளகலத்துக்கு வைத்து, விரல்களைச் சற்று வெளிப்புறம் திருப்பி, முழங்கால் இரண்டாம் கால்விரலின் திசையிலேயே போகும்படி கண்ணாடி முன் செய்வது. முழங்கால் ஒருபோதும் கால்விரலைத் தாண்டக்கூடாது என்று காணொளிகளில் ஓயாமல் சொல்வதைக் கேட்டபோது அவர் சிரித்தார். அப்படியானால் நீங்கள் எந்தப் படியிலும் இறங்க முடியாதே, எவ்வளவு தூரம் போகிறது என்பதைவிட எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பாருங்கள் என்றார்.

கண்ணாடி முன் நான் படுகிற பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஒரு நாள் வாசலுக்கு அழைத்து, வீட்டுக்குப் பின்னாலுள்ள சரிவில் இறங்கிக் காட்டினார். பாதம் சரிவுக்குக் குறுக்காகத் திரும்பியிருந்தது, முழங்கால் ஒருபோதும் விறைக்கவில்லை, அடுத்த காலை வைக்கும் முன் பாரம் முழுவதையும் மேலுள்ள காலில் நிறுத்தியிருந்தார். "முட்டியப் பூட்டிக்கிட்டு இறங்குனா வழுக்கிரும் புள்ள. வளஞ்சுதான் இறங்கணும்" என்றார். 31 வருடம் தன் காலை வளைத்து மலையிறங்கிய மனிதி, பேத்தியின் காலை மட்டும் இழுத்து நேராக்கியதை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனம்மா என்று கேட்டேன். "அது பச்ச மண்ணு. அத வனஞ்சுதான விடணும்னு நெனச்சேன்" என்றார்.

இந்த மாதக் கடைசியில் கடைசிச் சோதனைக்குப் போகிறோம். இப்போது எலும்பு தெரியும் என்பதால் எக்ஸ்ரே எடுப்பார்கள். மழையில் படியெல்லாம் பாசி பிடித்துக் கிடக்கிறது. முதல் 70 படியும் நான் வலது இடுப்பில் வைத்துக்கொள்வதென்றும், மாரியம்மன் கோயில் திருப்பத்தில் அம்மா வாங்கிக்கொள்வதென்றும் பேசி வைத்திருக்கிறோம்.