மாடிப்படிக்குக் கீழே ஒரு முதலமைச்சர்: சிங்கப்பூரில் ஒரு சின்ன நடை

ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இறங்கி ஆற்றுப் பக்கம் வந்து, கேவனா பாலத்தைக் கடந்தால் எம்ப்ரஸ் பிளேஸ். காலனி ஆட்சி கைமாறிய 1955-59 காலத்தைப் பார்க்க இங்கிருந்து பாடாங் திடல் வரை நடந்தால் போதும். வெயில் ஏறுமுன் கிளம்பிவிடுங்கள்.

முதலில் பழைய நாடாளுமன்றம். இப்போது அதன் பெயர் ஆர்ட்ஸ் ஹவுஸ். பலர் பக்கத்திலிருக்கும் 1999-ன் புதிய நாடாளுமன்றத்தைப் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வாசலில் வெண்கல யானை நிற்கிறதா என்று பாருங்கள். சயாம் (இன்றைய தாய்லாந்து) மன்னர் சூலலங்கோர்ன் 1871-ல் வந்துபோன நினைவாகத் தந்தது அது. யானை நின்றால் சரியான இடம். அவை மண்டபத்தில் அடிக்கடி நிகழ்ச்சி நடக்கும். போகுமுன் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

1955-ல் பிரிட்டிஷ் ஆட்சி கொண்டுவந்த ரெண்டல் அரசியலமைப்பின்படி இந்தச் சட்டமன்ற அவையில் 32 பேர். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 25, நியமன உறுப்பினர்கள் 4, பதவிவழி வந்த அதிகாரிகள் 3. விவாதம் ஆங்கிலத்தில் மட்டும். தமிழ் அவைக்குள் வந்தது பிறகுதான். 1955 ஏப்ரல் தேர்தலில் தொழிலாளர் முன்னணிக்குக் கிடைத்தது 10 இடம். கூட்டணி சேர்த்துத்தான் அதன் தலைவர் டேவிட் மார்ஷல் முதலமைச்சரானார். நிதி, சட்டம், பாதுகாப்பு எல்லாம் அதிகாரிகள் கையிலேயே இருந்தன. அவருக்கென்று அலுவலகம்கூட ஒதுக்கவில்லை. மரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்துவிடுவேன் என்று மிரட்டிய பிறகுதான் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை கொடுத்தார்கள். வாக்கு வாங்கியவருக்கு அவ்வளவுதான் இடம் என்பதை அந்த அறையே சொல்லிவிடுகிறது.

சுயாட்சி கேட்டு நடந்த 1956 லண்டன் பேச்சு முறிந்தது உள்நாட்டுப் பாதுகாப்பு யார் கையில் என்பதில். கடைசி வார்த்தை தங்களுடையதாக இருக்கவேண்டும் என்று பிரிட்டன் விடாப்பிடியாக நின்றது. சுயாட்சி கிடைக்காவிட்டால் விலகுவேன் என்று சொன்ன சொல்படி மார்ஷல் ஜூனில் விலகினார். அடுத்து வந்த லிம் இயூ ஹாக் 1957-ல் ஒரு வழி கண்டார்: பாதுகாப்பு மன்றத்தில் பிரிட்டன் 3, சிங்கப்பூர் 3, மலாயா 1. இரு பக்கமும் சமமாக நின்றால் தீர்ப்பது மலாயாவின் ஒற்றை வாக்கு. அந்த ஒரு நாற்காலிதான் முடிச்சை அவிழ்த்தது என்பேன்.

அங்கிருந்து தேசிய கலைக்கூடத்துக்கு நடங்கள். அதன் ஒரு பாதிதான் பழைய நகர மண்டபம். மாடியிலுள்ள கூடத்தைத் தவறவிடாதீர்கள். 1959 மே 30 தேர்தலில் மக்கள் செயல் கட்சி 51-ல் 43 இடம் பிடித்தும் லீ குவான் இயூ உடனே பதவியேற்கவில்லை. லிம் சின் சியோங், தேவன் நாயர் உள்ளிட்ட தோழர்களைச் சிறையிலிருந்து விட்டால்தான் ஆட்சி என்றார். ஜூன் 4-ல் விட்டார்கள். 5-ல் இந்தக் கூடத்தில் பதவியேற்பு. யாழ்ப்பாணத்தில் பிறந்த ராஜரத்தினம் கலாசார அமைச்சரானார். ஆளுநர் வில்லியம் கூட் உடனே கப்பலேறவில்லை. டிசம்பர் வரை அரசுத் தலைவராக இருந்தார்.

அவர் குடியிருந்த இஸ்தானாவைக் கட்டியது இந்தியக் கைதிகளின் உழைப்பு. வருடத்தில் சில நாட்களே பொதுமக்களுக்குத் திறப்பார்கள், அதில் தீபாவளியையொட்டி ஒரு நாள் உண்டு. தோபி காட் எம்ஆர்டியில் இறங்கினால் நடக்கிற தூரம்தான்.