சிப்பாய் வீட்டோடு வந்த பெயர்

ஸ்வீடனுக்கு வந்ததிலிருந்து அபார்ட்மென்ட் வாசல்களில் இருக்கும் பெயர்ப் பலகைகளை நின்று படிக்கும் பழக்கம் தொற்றிக்கொண்டது. ஆண்டர்சன், யோஹான்சன், கார்ல்சன் எல்லாம் நமக்குச் சட்டென்று பிடிபடும். ஆண்டர்ஸின் மகன் ஆண்டர்சன். நாம் அப்பா பெயரை இனிஷியலாகப் போடுகிற அதே கணக்கு. மகள் என்றால் ஆண்டர்ஸ்டோட்டர். அந்தக் காலத்தில் ஒவ்வொரு தலைமுறையிலும் பெயர் மாறிக்கொண்டே போகும்.

இவற்றுக்கு நடுவே ஸ்டோல், ஷோல்ட், ஸ்வார்ட் என்று வெட்டினாற்போலச் சில பெயர்கள் வரும். எஃகு, கேடயம், வாள். இவை சிப்பாய்களின் பெயர்கள். 1682 முதல் பதினொன்றாம் கார்ல் மன்னர் படைக்கு ஆள் சேர்க்கும் முறையையே மாற்றினார். சில பண்ணைகள் சேர்ந்து ஒரு சிப்பாயைக் கொடுக்க வேண்டும். அவனுக்கு ஒரு சின்ன வீடும் துண்டு நிலமும் தர வேண்டும். ஒரே படைப்பிரிவில் பத்து ஆண்டர்ஸ் ஆண்டர்சன் நின்றால் அதிகாரி யாரை என்று கூப்பிடுவார்? அதனால் ஆளுக்கொரு குட்டிப் பெயர் வைத்தார்கள்.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவரின் குடும்பப் பெயர் மூடிக். துணிச்சல்காரன் என்று பொருள். அவர் தன் முன்னோரைத் தேடித் தேவாலயப் பதிவேடுகளைப் புரட்டியபோது ஒரே சிப்பாய் வீட்டில் அடுத்தடுத்து மூன்று மூடிக்குகள் இருந்திருக்கிறார்கள். மூவருக்கும் ரத்த உறவு கிடையாது. பெயர் பல இடங்களில் அந்த வீட்டுக்கு உரியது. ஒருவர் போனால் அடுத்து வருபவருக்கு அது கிடைக்கும். பிள்ளைகளில் ஒருவன் அப்பாவின் சிப்பாய்ப் பெயரை வைத்துக்கொள்வான், இன்னொருவன் ஆண்டர்சனாகவே இருப்பான். ஸ்வீடனில் வம்சம் தேடுகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

படிக்கப் போனவர்களின் கதை வேறு. தாவரவியல் அறிஞர் லின்னேயஸின் அப்பா நில்ஸ், விவசாயி இங்கெமாரின் மகன்; அதனால் இங்கெமார்சன். லுண்ட் பல்கலைக்கழகத்தில் சேரக் குடும்பப் பெயர் தேவைப்பட்டது. ஸ்மோலாண்டில் தங்கள் நிலத்தில் நின்ற பெரிய லிண்டன் மரத்தை நினைத்து லின்னேயஸ் என்று வைத்துக்கொண்டார். அதே மரத்திலிருந்து உறவினர்கள் லின்டேலியஸ், டிலியாண்டர் என்று பெயர் எடுத்தார்கள். ஒரு மரம், மூன்று குடும்பப் பெயர்கள்! பிறகு உலகத்துச் செடிகொடிகளுக்கெல்லாம் பெயர் வைத்தவரின் பெயரே ஒரு மரத்திலிருந்து வந்தது என்பது எனக்கு எத்தனை முறை நினைத்தாலும் சந்தோஷம் தருகிறது. காய்ச்சல் பார்க்கும்போது நாம் சொல்லும் செல்சியஸும் இப்படித்தான்: அந்த அலகுக்குப் பெயர் தந்த ஸ்வீடன் அறிஞரின் குடும்ப இடமான ஹோகன், அதாவது மேடு, லத்தீனுக்குப் போய் வந்த வடிவம். நோபலும் நோபெலோவ் என்ற ஊர்ப் பெயரின் மிச்சமே.

1901-ல் பெயர்ச் சட்டம் வந்து, யார் என்ன பெயரில் இருந்தார்களோ அது ஏறக்குறைய அப்படியே உறைந்துவிட்டது. அதனால்தான் இன்று ஆண்டர்சன் என்ற பெண்ணின் அப்பா எரிக்காகவோ லார்ஸாகவோ இருக்கிறார். 2017-ல் வந்த புதிய சட்டத்தின்படி, விரும்புகிறவர்கள் பழைய முறைப்படி அப்பா பெயரோடும், ஏன், அம்மா பெயரோடும்கூட மகன், மகள் சேர்த்துக் குடும்பப் பெயராக வைத்துக்கொள்ளலாம். அம்மா பெயருக்கும் இடம் கொடுத்ததுதான் அதில் எனக்கு மிகவும் பிடித்தது.