சேர் கட்டம் போட்ட கரும்பலகை

எட்டாம் வகுப்பில் எங்களுக்கு ஆங்கிலப் பாடம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். ஓட்டுக் கூரை வெக்கையில் பாதி வகுப்பு தூங்கிவிழும். அந்த நேரத்தில்தான் சேர் வருவார். கையில் புத்தகம் இருக்காது, இரண்டு வெண்கட்டி மட்டும். வந்ததும் கரும்பலகையில் நான்கு கட்டம் போடுவார். முதல் கட்டத்தில் ‘மை மதர்’, இரண்டாவதில் ‘கேவ்’, மூன்றாவதில் ‘த கோட்’, நான்காவதில் ‘சம் லீவ்ஸ்’. அம்மா ஆட்டுக்குக் குழை போட்டா. எங்கள் எல்லோர் வீட்டிலும் காலையில் நடந்த சங்கதி அது.

பிறகு முன்வாங்கிலிருந்து தொடங்கும். ஒருவன் அம்மாவை எடுத்துவிட்டு மாமாவை வைக்க வேண்டும். அடுத்தவன் ஆட்டை எடுத்துவிட்டு மாட்டை வைக்க வேண்டும், அதற்கடுத்தவன் குழைக்குப் பதில் வைக்கோல். ‘கேவ்’ மட்டும் அசையாது. நாற்பது பேரும் ஆளுக்கொரு வாக்கியம் சொல்லி முடிய மணி அடிக்கும். அதற்கு முந்திய வருடங்களில் காலங்களின் பெயர்களையும் விதிகளையும் மனப்பாடம் செய்திருந்தோம். பரீட்சையில் எழுதவும் எழுதினோம். ஆனால் வாய் திறந்து ஒரு வாக்கியம் சொன்னது அந்தக் கட்டங்களுக்குப் பிறகுதான்.

“வினைச்சொல்லைக் கேளுங்கோ. தனக்குப் பின்னாலை என்ன வரவேணும் எண்டு அதுதான் சொல்லும்” என்பார். இந்த ஒரு வசனத்தை வைத்துத்தான் நான் இன்றுவரை ஆங்கிலம் பேசுகிறேன்.

‘கிவ்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஆளையும் பொருளையும் அப்படியே அடுத்தடுத்து வைக்கலாம். ‘செண்ட்’, ‘ஷோ’, ‘டெல்’ எல்லாம் அதே சாதி. சரி, ‘எக்ஸ்ப்ளேன்’? எங்களில் முக்கால்வாசிப் பேர் ‘எக்ஸ்ப்ளேன் மீ’ என்றுதான் சொன்னோம். பிழை. நடுவில் ‘டு’ வர வேண்டும். ‘சஜெஸ்ட்’, ‘டிஸ்க்ரைப்’ என்பவையும் அப்படித்தான். தமிழில் ‘எனக்குத் தந்தார்’, ‘எனக்கு விளக்கினார்’ இரண்டுக்கும் நான்காம் வேற்றுமைக் ‘கு’ ஒன்றே போதும், அதனால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை. இலத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த நீளமான வினைகள் பெரும்பாலும் இந்த ‘டு’வைக் கேட்கும் என்று பிற்காலத்தில் படித்தேன். சேர் அந்தக் காரணமெல்லாம் சொல்லவில்லை. இரண்டு கூட்டத்தையும் கரும்பலகையின் இரண்டு பக்கத்தில் எழுதி, நடுவில் ஒரு கோடு கீறிவிட்டார். அந்தக் கோடு இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

ஒருநாள் மழை பெய்துகொண்டிருக்க ‘இட் இஸ் ரெயினிங்’ என்று எழுதினார். பின்வாங்கிலிருந்து ஒருவன், “சேர், அந்த இட் எண்டது எது?” என்று கேட்டான். நல்ல கேள்வி என்று அவனை எழுப்பி நிற்கவைத்துப் பாராட்டினார். தமிழில் ‘வந்தேன்’ என்ற ஒரு சொல்லே முழு வாக்கியம். எழுவாய் தோன்றாமலே நிற்கும், வினையின் விகுதி ஆளைக் காட்டிவிடும். ஆங்கில வினையில் அப்படி விகுதி பெரும்பாலும் இல்லை. அதனால் எழுவாயின் கதிரையில் யாராவது குந்தியே ஆகவேண்டும். மழைக்கு ஆள் இல்லையென்றால் ‘இட்’டைக் கொண்டுவந்து குந்தவைப்பார்கள். தோன்றா எழுவாயைத் தமிழ் வகுப்பில் படித்தபோது எனக்கு இவ்வளவு விளங்கவில்லை, ஆங்கில வகுப்பில்தான் விளங்கியது.

சேரின் மேசையில் தடித்த அகராதி ஒன்று எப்போதும் இருக்கும். ஒக்ஸ்ஃபோர்டின் 1974ஆம் ஆண்டுப் பதிப்பு. ஒவ்வொரு வினைச்சொல்லுக்குப் பக்கத்திலும் ‘வீ.பி.’ என்று போட்டு ஒரு இலக்கம் இருக்கும். அந்த வினை எந்த அமைப்பில் வரும் என்பதற்கான அடையாளம் அது. அதைத் தொகுத்த ஹோன்பி என்பவர் 1920களில் ஜப்பானுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போனவர். அங்கே ஹரல்ட் பாமர் என்ற ஆசிரியரோடு சேர்ந்து உழைத்தார். ஹோன்பியின் அகராதி முதலில் 1942இல் ரோக்கியோவில்தான் வெளிவந்தது. 1954இல் ஆங்கில வினைகளை 25 அமைப்புகளாகப் பிரித்துத் தனி நூலே எழுதினார். ஜப்பானிய மொழியும் தமிழைப் போல வினையை வாக்கியத்தின் கடைசியில் வைப்பது. அந்தப் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுந்தார்களோ, அங்கேயேதான் நாங்களும் விழுந்தோம். எங்களுக்கென்றே செய்ததுபோல அந்தக் கட்டங்கள் பொருந்தியதற்குக் காரணம் இதுதான் என்று நான் நம்புகிறேன்.

எல்லாவற்றிலும் என் மனதில் ஆழமாய்ப் பதிந்தது கிணற்றுப் பாடம். கோடையில் எங்கள் ஊரில் கிணறு இறைத்துச் சேறு அள்ளுவார்கள் அல்லவா? முதல்நாள் எங்கள் வீட்டில் அந்த வேலை நடந்தது. நான் எழும்பி ‘வீ க்ளீன்ட் த வெல்’ என்றேன்.

“நீயே கிணத்துக்குள்ளை இறங்கினனீ?”

“இல்லை சேர், ஆள் பிடிச்சு இறைச்சது.”

“அப்ப உன்ரை வாக்கியம் அதைச் சொல்லேல்லையே.”

திரும்பிக் கட்டம் போட்டார். ‘வீ’, ‘ஹேட்’, ‘த வெல்’, ‘க்ளீன்ட்’. பிறகு பக்கத்திலேயே தமிழில் எழுதினார்: செய்தான், செய்வித்தான். நடந்தான், நடப்பித்தான். “இது நீங்கள் தமிழிலை படிச்ச பிறவினைதான். தமிழிலை வி, பி எண்டு வினைக்குள்ளை போய் ஒளிச்சிருக்கும். ஆங்கிலத்திலை ஹேவ் முன்னுக்கு வந்து நிக்கும்.” அன்று முழுக்க அந்தக் கட்டத்துக்குள் கிணற்றுக்குப் பதில் வீட்டுக் கூரை, சைக்கிள், தலைமயிர் என்று ஒவ்வொன்றாய்ப் போனது. பேச்சில் நாம் ‘தலைமயிர் வெட்டினேன்’, ‘சைக்கிள் திருத்தினேன்’ என்றுதான் சொல்கிறோம், யாரும் குழம்புவதில்லை. அதே வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொன்னால், கேட்பவர் நாமே கத்திரிக்கோலை எடுத்தோம் என்று நினைப்பார்.

1988இல் ரொறன்ரோவுக்கு வந்தேன். அடுத்த மாரியில் மச்சானின் காரை யாரோ இடித்துவிட்டார்கள். காப்புறுதிக் காரியாலயத்துக்கு அவர் எழுதிய கடிதத்தில் ‘ஐ ரிப்பேர்ட் த கார்’ என்று இருந்தது. நீங்களே திருத்தியிருந்தால் கூலிப் பணம் தரமுடியாது என்று பதில் வந்தது. கராஜில் காசு கட்டிய பற்றுச்சீட்டு அவர் கையில் இருந்தது, ஆனாலும் இரண்டு மாதம் அலைந்தார். ஒருநாள் இரவு இருவரும் குசினி மேசையில் இருந்து மறுபடியும் எழுதினோம். நான் கடித உறையின் பின்பக்கத்தில் நான்கு கட்டம் கீறினேன். ‘ஐ’, ‘ஹேட்’, ‘த கார்’, ‘ரிப்பேர்ட்’. பற்றுச்சீட்டையும் வைத்து அனுப்பினோம், காசு வந்தது. அன்றிரவு சேருக்கு ஒரு வான்கடிதம் எழுதினேன். அது அவர் கைக்குக் கிடைத்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது சனிக்கிழமைகளில் ஸ்காபரோவில், புதிதாக வந்த பெற்றோர் சிலருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வெள்ளைப்பலகை, மார்க்கர் பேனை. கட்டம் மட்டும் அதேதான். போன மாதம் அன்ரி ஒருவர் மனவருத்தத்தோடு வந்தா. டொக்டரிடம் ‘ஐ செக்ட் மை பிரஷர்’ என்றாவாம். வீட்டில் என்ன மெஷின், எந்தக் கையில் கட்டினீர்கள் என்று அவர் திருப்பித் திருப்பிக் கேட்டாராம். உண்மையில் ஃபார்மசியில் இருந்த பிள்ளைதான் பார்த்துவிட்டது. வீட்டில் அன்ரியிடம் மெஷினே இல்லை.

நான் கட்டம் போட்டேன். முதலில் எங்கள் ஊர்க் கிணற்றை வைத்தேன். அன்ரிக்கு உடனே பிடிபட்டுவிட்டது. “ஓம் தம்பி, நாங்களும் ஆள் பிடிச்சுத்தானே இறைக்கிறது” என்றா. பிறகு கிணற்றை அழித்துவிட்டு, மார்க்கரை என்னிடமிருந்து வாங்கி, மூன்றாம் கட்டத்தில் ‘மை பிரஷர்’ என்று தமிழ் எழுத்திலேயே எழுதினா. நான்காவதில் ‘செக்ட்’. எழுதியதை மூன்று தரம் சத்தமாய் வாசித்துப் பார்த்தா. அடுத்த கிழமை டொக்டரிடம் அதைச் சொன்னபோது, அவர் மெஷினைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம். எந்த ஃபார்மசி என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டாராம்.