சென்னையில் பிஎச்.டி.: வருகிறவர்கள் கேட்காத கேள்வி

யாழ்ப்பாணத்திலிருந்து பிஎச்.டி. செய்யச் சென்னைக்கு வர இருப்பவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் வீட்டு வாடகையும் வெயிலும்தான். அவை இரண்டும் பழகிவிடும். பல்கலைக்கழகத்தின் விதிமுறைகள் விளங்குவதற்குத்தான் எனக்குக் கனகாலம் எடுத்தது. பேசுவது தமிழாக இருந்தாலும் அலுவலகம் நடக்கிற முறை வேறு.

பதிவுகள் வந்திறங்கியதுமே தொடங்கிவிடும். 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசா என்றால், வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர்களைப் பதியும் அலுவலகமான எஃப்.ஆர்.ஆர்.ஓ.வில் பதிய வேண்டும். அலுவலகம் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலையில் இருக்கிறது, விண்ணப்பம் ஆன்லைனில். அதற்கு, நாம் அங்கே படிக்கிறோம் என்று பல்கலைக்கழகம் தரும் போனஃபைட் சான்றிதழ் வேண்டும். வெளியே வீடு எடுத்தால், வெளிநாட்டவர் தங்குவதை அறிவிக்கும் படிவத்தை (முன்பு 'சி' படிவம் என்பார்கள்) வீட்டுக்காரர் பதிய வேண்டும். வாடகை பேசும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். முன்பணம் கொடுத்த பிறகு சொன்னால் சிலர் பயந்து பின்வாங்குகிறார்கள்.

அப்புறம் சான்றிதழ்கள். சேர்க்கைப் பிரிவில் என்னிடம் மைக்ரேஷன் சர்டிபிகேட் கேட்டார்கள். வேறு பல்கலைக்கழகத்தில் சேரத் தடையில்லை என்று பழைய பல்கலைக்கழகம் தரும் சான்றிதழ் அது. நான் பட்டம் பெற்ற இடத்தில் அப்படி ஒன்று கொடுக்கும் வழக்கமே இல்லை.

"அது இல்லாம ஃபைலை மேல அனுப்ப முடியாதும்மா" என்றார் அங்கிருந்த அக்கா. குரலில் கடுமை இல்லை. அவர் கையிலிருந்த தாளில் அந்த ஒரு கட்டத்தில் மட்டும் டிக் விழவில்லை.

"எங்கட கம்பஸில அதைக் குடுக்கிறேல்லை அக்கா. அப்பிடிக் குடுக்கிறதில்லை எண்டு பதிவாளரிட்ட ஒரு கடிதம் வாங்கித் தந்தா சரியோ?"

கொஞ்சம் யோசித்தார். "லெட்டர்ஹெட்ல, சீலோட இருந்தா வெச்சுக்கலாம்."

கடிதம் வந்தது, ஃபைல் நகர்ந்தது. அங்கே இல்லாத ஒரு தாளை இங்கே கேட்டால் வாக்குவாதம் வேண்டாம்; அதற்குப் பதிலாக எதைக் கொடுக்கலாம் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு வழி இருக்கும், அதை அந்தப் பிரிவில் இருப்பவர்தான் சொல்வார். அலுவலகத்துக்கு நீங்கள் எழுதும் எந்தக் கடிதத்தையும் கைடு, துறைத்தலைவர் கையெழுத்தோடு இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சீனியர்கள் அன்போடுதான் வழிகாட்டுவார்கள். ஆனால் அவர்கள் சேர்ந்த ஆண்டின் விதி வேறு, நம்முடையது வேறாக இருக்கலாம். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2016 விதிகளின்படி, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வெளிவந்திருக்க வேண்டும், கருத்தரங்குகளில் இரண்டு கட்டுரைகள் வாசித்திருக்க வேண்டும். 2022 விதிகளில் அந்தக் கட்டாயம் இல்லை. பல்கலைக்கழகம் தன் சொந்த விதியில் அதை வைத்திருக்கலாம், அதனால் இரண்டையும் எடுத்து வாசிக்க வேண்டும். வாசிக்காமல் பதறி, காசு வாங்கிக்கொண்டு எதையும் பதிப்பிக்கும் இதழ்களுக்குப் பணம் கட்டிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஊரிலிருந்து பெற்றோர் கஷ்டப்பட்டு அனுப்பும் காசு அது. மனம் பதைக்கிறது.

அதே 2022 விதிகளில் பெண் ஆய்வாளர்களுக்கு மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக ஆய்வுக்காலம் முழுவதற்குமாக 240 நாள் வரை கொடுக்கலாம் என்று இருக்கிறது. ஆறு ஆண்டு உச்சவரம்பிலும் பெண்களுக்குத் தளர்வு உண்டு. மட்டக்களப்பிலிருந்து வந்த தங்கச்சி ஒருத்தி, பிள்ளை உண்டானதும் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போகும் முடிவில் இருந்தாள். இப்படி ஒரு விடுப்பு இருப்பதாக அவளுக்கு யாருமே சொல்லவில்லை. இரண்டு பேருமாக அந்தப் பக்கத்தை அச்செடுத்து, விண்ணப்பத்தோடு இணைத்து, கைடு மேடத்திடம் கொண்டுபோனோம். மேடம் வாசித்துப் பார்த்துவிட்டு, "இதைக் கேக்கறதுக்கா இவ்வளவு பயந்தே?" என்று கையெழுத்துப் போட்டார். இப்போது அவளுக்கு விடுப்பு. ஆய்வின் முன்னேற்றத்தைப் பார்க்கும் டாக்டரல் கமிட்டியின் அடுத்த கூட்டத்துக்கான அறிக்கையை மகள் தூங்கும் நேரத்தில் எழுதிக்கொண்டிருக்கிறாள்.